முதுகு ஸ்கேனும் ‘ஜவ்வு விலகலும்’ – கடிதம்

வணக்கம்.

எனக்கு வயது 39. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டு மாதமாக இடுப்பில் வலி. காலுக்கு இறங்கவில்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘எல்4-எல்5, எல்5-எஸ்1 டிஸ்க் டெசிகேஷன், டிஃப்யூஸ் பல்ஜ், தீக்கல் சாக்கை அழுத்துகிறது, எல்5-எஸ்1இல் ஆனுலர் டேர்’ என்று இருக்கிறது. ஜவ்வு விலகிவிட்டது, ஆபரேஷன்தான் என்கிறார் உறவினர் ஒருவர். நண்பரோ 3 டெஸ்லா மெஷினில் மறுபடி எடுத்துப் பார் என்கிறார். என்ன செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ரிப்போர்ட்டில் இருப்பவை எல்லாம் படத்தின் வர்ணனை. வலிக்கான காரணம் அதில் எங்கும் எழுதப்படவில்லை.

டிஸ்க் என்பது முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள ஜவ்வு. எல்4, எல்5 என்பவை இடுப்பின் கடைசி இரண்டு முள்ளெலும்புகள்; எஸ்1 அவற்றுக்குக் கீழே உள்ள எலும்பு. எம்.ஆர்.ஐ.யின் டி2 வகைப் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். இளவயது டிஸ்க்கின் நடுப்பகுதியில் நீர் நிறைய இருப்பதால் அது வெளுத்திருக்கும்; வயது ஏற ஏற நீர் வற்றிக் கறுக்கும். இதுதான் டெசிகேஷன். டிஸ்க்கின் விளிம்பு, சுற்றளவில் கால்பங்குக்கு மேல், எலும்பின் ஓரத்தைத் தாண்டி லேசாகப் பிதுங்கியிருந்தால் பல்ஜ். கால்பங்குக்குள் ஒரே இடத்தில் பிதுங்கினால் புரோட்ரூஷன். பிதுங்கிய பகுதி தன் அடிப்பகுதியைவிட அகலமாக இருந்தால் எக்ஸ்ட்ரூஷன், துண்டாகக் கழன்றுவிட்டால் சீக்வெஸ்ட்ரேஷன். அமெரிக்க முதுகெலும்பு, கதிரியக்கச் சங்கங்கள் சேர்ந்து 2014இல் வெளியிட்ட வரையறையில் பல்ஜ், ஹெர்னியேஷன் (உங்கள் உறவினர் சொல்லும் ‘ஜவ்வு விலகல்’) கணக்கிலேயே வராது. ‘டேர்’ என்று இருப்பதைப் பார்த்து அடிபட்டுக் கிழிந்ததாக நினைக்க வேண்டாம். டிஸ்க்கின் வெளிவளையத்தில் காலப்போக்கில் விழும் விரிசல் அது. தீக்கல் சாக் என்பது முதுகுத்தண்டு நீர் நிறைந்த பை. பையின் முன்பக்கம் சற்று உள்வாங்கியிருக்கிறது என்பதால் உள்ளே மிதக்கும் நரம்புகள் நசுங்குகின்றன என்று ஆகாது.

இனி எண்கள். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தால் என்ன தெரியும்? 1994இல் ஜென்சன் குழு 98 பேரிடம் பார்த்தது. 52 விழுக்காட்டினருக்கு ஒரு டிஸ்க்கிலாவது பல்ஜ். எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 விழுக்காடுதான். 2015இல் பிரிஞ்சிக்ஜி குழு 33 ஆய்வுகளை, வலியில்லாத 3110 பேரின் படங்களைத் தொகுத்தது. அதன்படி 40 வயதில் டிஸ்க் தேய்மானம் 68 விழுக்காடு, பல்ஜ் 50, வெளிவளைய விரிசல் 22. 20 வயதிலேயே பல்ஜ் 30 விழுக்காடு. உங்கள் அலுவலகத்தில் உங்கள் வயதுக்காரர்களை வரிசையாக மெஷினுக்குள் படுக்கவைத்தால், ஏறக்குறைய பாதிப் பேர் பல்ஜோடு வெளியே வருவார்கள்.

இதை வைத்து ‘ஸ்கேனில் தெரிவதெல்லாம் வெறும் வயசு’ என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அதுவும் மிகை. அதே குழு அதே ஆண்டு வெளியிட்ட இன்னொரு தொகுப்பில், 50 வயதுக்கு உட்பட்டவர்களில் வலி உள்ளவர்களிடம் பல்ஜ், புரோட்ரூஷன், எக்ஸ்ட்ரூஷன், தேய்மானம், மோடிக் 1 மாற்றம் ஆகியவை கூடுதலாகவே காணப்பட்டன. மோடிக் 1 என்பது டிஸ்க்கை ஒட்டிய எலும்பு மஜ்ஜையில் தெரியும் நீர்க்கோப்பு. ஆக, கூட்டமாகப் பார்த்தால் தொடர்பு இருக்கிறது. ஆனால் தனி ஒருவரின் படத்தில் ‘இந்த பல்ஜ்தான் இந்த வலி’ என்று விரல் வைத்துக் காட்ட அது போதாது.

விரல் வைக்க உதவுவது படமும் உடம்பும் பொருந்துவது. எல்4-எல்5இல் நடுவை ஒட்டிப் பக்கவாட்டில் பிதுங்கினால், அந்த இடத்தைக் கடந்து கீழே போகும் எல்5 வேர் (காலுக்குப் போகும் நரம்பின் தொடக்கப் பகுதி) மாட்டும்: வலி காலின் வெளிப்புறமாக இறங்கிப் பாதத்தின் மேற்பக்கம், பெருவிரல் வரை போகும், பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். எல்5-எஸ்1 என்றால் எஸ்1 வேர்: கெண்டைக்கால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல்; ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி நிற்பது கஷ்டம், கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் (சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளுவது) மந்தம். அதே எல்4-எல்5 டிஸ்க் இன்னும் வெளியே, நரம்பு வெளிவரும் துளைக்குள் பிதுங்கினால் மாட்டுவது எல்4. அதனால்தான் எந்த டிஸ்க் என்பதோடு எந்தப் பக்கம், நடுவா துளையா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். உங்களுக்குக் கால் வலி இல்லை. ரிப்போர்ட்டிலும் எந்த வேரின் பெயரும் இல்லை. டிஸ்க் ஆபரேஷன் முக்கியமாக வேர் அழுத்தத்துக்குச் செய்வது. இந்தப் படத்தில் அதற்கு இலக்கே இல்லை.

படத்தில் பயங்கரமாகத் தெரிவதுதான் தானாகச் சுருங்கவும் அதிக வாய்ப்பு உள்ளது. 2015இல் வந்த சியூ குழுவின் தொகுப்பில் சீக்வெஸ்ட்ரேஷன் 96 விழுக்காடு, எக்ஸ்ட்ரூஷன் 70, புரோட்ரூஷன் 41, பல்ஜ் 13 விழுக்காடு சுருங்கியிருந்தன. வெளியே வந்த துண்டை உடலின் தற்காப்புச் செல்கள் அந்நியப் பொருளாகக் கண்டு தின்றுவிடுகின்றன. உள்ளேயே இருக்கும் பல்ஜ் அவற்றின் கையில் சிக்குவதில்லை. ஆகவே அடுத்த ஆண்டு ஸ்கேன் எடுத்து பல்ஜ் ‘போய்விட்டதா’ என்று பார்ப்பதில் பொருளில்லை. வலி போனாலும் அது அங்கேயே இருக்கலாம்.

3 டெஸ்லா விஷயம். டெஸ்லா என்பது மெஷினின் காந்த பலத்தின் அளவு. 1.5 டெஸ்லாவில் அசையாமல் படுத்து எடுத்த படம் உங்கள் கேள்விக்குப் போதும். மெஷினை மாற்றினால் பெரும்பாலும் மாறுவது ரிப்போர்ட்தான். 2017இல் ஹெர்ஸாக் குழு, முதுகு வலியும் வலது எல்5 வேர் அறிகுறிகளும் உள்ள 63 வயதுப் பெண் ஒருவரை மூன்று வாரங்களுக்குள் 10 மையங்களில் ஸ்கேன் எடுக்கவைத்தது. பத்து ரிப்போர்ட்டிலுமாக 49 விதமான குறைகள் எழுதப்பட்டிருந்தன. பத்திலும் இடம்பெற்ற குறை ஒன்றுகூட இல்லை. பதினோராவது ரிப்போர்ட் உங்களைத் தெளிவாக்காது.

செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போகாமல் படங்கள் உள்ள சி.டி.யையும் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் கொடுங்கள். நம் ஊர் ஸ்கேன் மையங்கள் பலவற்றில் இடுப்புப் படத்தோடு ‘ஹோல் ஸ்பைன் ஸ்கிரீனிங்’ (முழு முதுகெலும்பின் மேலோட்டமான படம்) எடுப்பார்கள். பலரும் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் சிலருக்குக் கடைசி இடுப்பு முள்ளெலும்பு கீழே எஸ்1உடன் ஒட்டியிருக்கும், சிலருக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். கீழிருந்து எண்ணினால் எல்4-எல்5 எல்5-எஸ்1 ஆகிவிடும். ஊசியோ கத்தியோ தவறான மட்டத்தில் இறங்க இது ஒரு காரணம். கழுத்தின் இரண்டாவது எலும்பான சி2இல் தொடங்கி எண்ணிச் சரிபார்க்க அந்தப் படம்தான் உதவும். எப்போதாவது மறுபடி ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், கோரிக்கைச் சீட்டில் ‘முதுகு வலி’ என்று மட்டும் எழுதாமல், எந்தக் கால், எந்த விரல், எத்தனை நாளாக என்று எழுதித் தரச் சொல்லுங்கள். படம் பார்ப்பவர் தேடும் இடமே மாறும்.

நடந்துகொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருங்கள். படுக்கையில் கிடக்க வேண்டாம். பிசியோதெரபிஸ்டிடம் உடற்பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பின்வருவனவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது: சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாமை, உட்காருமிடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது. இதற்கு அன்றைக்கே, இரவானாலும், எமர்ஜென்சி. காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு என்றால் ஓரிரு நாளுக்குள் மருத்துவர். அப்போது புது ஸ்கேன் தேவைப்படலாம், மருந்து ஏற்றி எடுக்கவும் சொல்லலாம்.