கம்மலைத் திருப்பிப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு ஜோடி கிளிப் கம்மல் பார்த்தேன். கண்ணாடிக் கல், சாய்த்துப் பிடித்தால் பச்சையும் ஊதாவுமாக மின்னுகிறது. 1940-ல் பிரான்சிலிருந்து வந்தது, 3,500 ரூபாய் என்கிறார். போட்டோ அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா? என் காது ஓட்டையில் போடுகிற மாதிரி மாற்ற முடியுமா? அப்புறம், பாட்டியின் ஏழுகல் தோடு ஒன்று வீட்டில் இருக்கிறது, கல்யாணத்துக்கு 1950-களில் செய்தது என்பார்கள். அதை அழித்துப் புதிதாகச் செய்யலாம் என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?"

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு வேண்டாம். கம்மல் நன்றாகத்தான் இருக்கிறது, அதோடு வருகிற கதைதான் சரியில்லை.

கல்லிலிருந்தே ஆரம்பிப்போம். சாய்த்தால் பச்சையும் ஊதாவும் வருகிறதே, அது கண்ணாடியின் சொந்த நிறம் இல்லை. கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய உலோகப் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். அரோரா போரியாலிஸ் என்று பெயர். ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனமும் பாரிஸின் ஃபேஷன் நிறுவனமான கிறிஸ்தியான் தியோரும் சேர்ந்து 1955-56 வாக்கில் கொண்டுவந்தது. அதற்கு முந்திய நகையில் அந்தக் கல் இருக்க வழியில்லை, பிற்பாடு யாராவது கல் மாற்றியிருந்தால் ஒழிய. ஆக 1940 என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது.

பிரான்ஸ் என்பதும் அப்படித்தான். நீங்கள் ஐந்து போட்டோ அனுப்பியிருக்கிறீர்கள், அதில் நாலு முன்பக்கம். ஐந்தாவதில், கிளிப் பாதி திறந்திருக்கும்போது, அதன் உள்பக்கத்தில் மங்கலாக ஒரு வரி தெரிகிறது. பெரிதுபடுத்திப் பார்த்தேன், 'டபிள்யூ. ஜெர்மனி' என்று பொறித்திருக்கிறது. மேற்கு ஜெர்மனி என்ற நாடு 1949-லிருந்து 1990 வரைதான் இருந்தது. இதையும் கல்லையும் சேர்த்துப் பார்த்தால் 1956-க்குப் பிறகு, அநேகமாக 60-களுக்குள், என்று சொல்லலாம். எனக்கு இந்த ஜெர்மன் கம்மல்கள் மேல் தனிப் பிரியம் உண்டு. செக் நாட்டில் கப்லோன்ஸ் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடிக் கல்லும் ஃபேன்சி நகையும் செய்துவந்த ஜெர்மன் குடும்பங்களை 1945-க்குப் பிறகு அங்கிருந்து வெளியேற்றினார்கள். அவர்களில் பலர் பவேரியாவில் காஃப்பாய்ரன் ஊருக்குப் பக்கத்தில் வந்து குடியேறி, விட்ட தொழிலை மறுபடி தொடங்கினார்கள். அந்த இடத்துக்கே நொய்கப்லோன்ஸ், அதாவது புது கப்லோன்ஸ், என்று பெயர். உங்கள் கம்மல் அங்கிருந்து வந்ததாகவே இருக்கலாம். பிரான்ஸ் என்று பொய் சொல்லி விற்க வேண்டிய அவசியமே இல்லாத சரக்கு. கம்பெனி பெயர் இல்லாததால் நானாக இருந்தால் 1,500-க்கு மேல் தரமாட்டேன். அந்தப் பொறிப்பை அவரிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள், சண்டை போட வேண்டாம், அவரும் யாரோ சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்.

இதிலிருந்து ஒன்று பிடிபட்டிருக்கும். முன்பக்கத்தை யாரும் காப்பி அடிக்கலாம், இன்றைக்கும் அதே டிசைன் மூட்டை மூட்டையாக வருகிறது. பின்பக்கத்தை யாரும் அவ்வளவு மெனக்கெட்டுச் செய்வதில்லை, வயசு அங்கேதான் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கிறாரே அதுதான், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. அது கையில் இல்லாமல் பழைய நகை வாங்கப் போகாதீர்கள்.

பொறிப்புகளில் இன்னும் சில தெரிந்திருந்தால் நல்லது. அமெரிக்க டிரிஃபாரி கம்பெனி நகையில் கிரீடம் போட்ட முத்திரை இருக்கும். ஃபேன்சி நகை டிசைனுக்கும் காப்புரிமை உண்டு என்று 1955-ல் அவர்கள் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன்பிறகுதான் வட்டத்துக்குள் 'சி' போட்ட குறி நகைகளில் பரவலாக வருகிறது. அந்தக் குறியோடு 40-களின் கம்மல் என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள். 'ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் ஜப்பான் அமெரிக்கப் பிடியில் இருந்த காலம், 1952-க்கு முன். தியோருக்காக ஜெர்மனியில் ஹென்கெல் அண்டு குரோஸ் செய்த நகைகளில் ஆண்டையே பொறித்திருப்பார்கள், தேடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. பேடன்ட் எண் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். அது பெரும்பாலும் கிளிப் பொறிமுறைக்கான எண், கம்மலின் டிசைனுக்கு இல்லை. பொறிமுறைக்குப் பேடன்ட் வாங்கிப் பல வருடம் அதே கிளிப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, உண்மையிலேயே பிரெஞ்சுக் கம்மல் வேண்டும் என்றால்? புதுச்சேரியில் அது கிடைக்காத பொருள் இல்லை. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி. அதற்குப் பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிசுக்கும் இங்கேயும் போய்வந்துகொண்டிருந்த குடும்பங்கள், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் எல்லாம் உண்டு. அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த நகை சில சமயம் வெளியே வரும். பிரான்சில் செய்த 18 காரட் தங்கத்தில் கழுகுத் தலை முத்திரை இருக்கும், 1838-லிருந்து இருக்கிறது. குண்டூசித் தலை அளவுதான், கம்மலில் பெரும்பாலும் காதுக்குள் போகும் கொக்கியின் மேலோ அதன் அடியிலோ அடித்திருப்பார்கள். வெறும் கண்ணுக்குக் கீறல் மாதிரித் தெரியும், லூப் வைத்தால்தான் அலகும் கண்ணும் தெரியும். பக்கத்தில் செய்தவரின் முத்திரை சாய்சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் அசல் தங்கம் அல்லது வெள்ளி. நேர்ச்சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் தங்கத் தகடு ஏற்றியது. 'ஃபிக்ஸ்' என்று பொறித்திருப்பதும் தகடு ஏற்றியதுதான், நல்ல தரமான தகடு, ஆனால் தங்க விலை கொடுக்கக் கூடாது. இங்கே நம் ஆசாரி செய்த தோட்டில் கழுகைத் தேடாதீர்கள், அவர் அதைப் பாரிசுக்கு அனுப்பியா முத்திரை வாங்கியிருப்பார்?

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். மேல்நாட்டில் அந்தக் காலத்தில் பெரும்பாலான பெண்கள் காது குத்திக்கொள்ளவில்லை. அதனால் 40-50-களின் ஃபேன்சி கம்மல் அநேகமாகக் கிளிப் அல்லது திருகு வைத்தது. இந்தத் திருகு நம் திருகாணி இல்லை. பின்னாலிருந்து ஒரு சின்னத் தட்டு காதுச் சோணையை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். கிளிப் 1930-களில் வந்தது, திருகு அதற்கும் முந்தியது, ஆனால் இரண்டும் பல காலம் கூடவே ஓடின. ஆகவே திருகு இருந்தாலே பழசு என்று சொல்ல முடியாது. மாறாக, 1950-களின் அமெரிக்கக் கம்மல் என்று காட்டி அதில் காது ஓட்டைக்கான தண்டு இருந்தால், தண்டின் அடியைப் பாருங்கள். பழைய கிளிப்பை அறுத்த தழும்போ வேறு நிறத்தில் பற்றவைத்த ஈயமோ தெரியும்.

இதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: தயவுசெய்து கிளிப்பை அறுக்காதீர்கள். அறுத்தால் வயசைச் சொல்லும் பாகமே போய்விடும், அந்த 'டபிள்யூ. ஜெர்மனி' வரியும் அதோடு போய்விடும். சூடு பட்டால் கல்லின் பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சும் கருகும். கிளிப்பிலேயே மாட்டிக்கொள்கிற மாற்றுத் தண்டு தனியாக விற்கிறார்கள், ஆன்லைனில் கிடைக்கும், வேண்டாதபோது கழற்றிவிடலாம். ஆனால் கிளிப்பாகவே போட்டுப் பாருங்கள் முதலில். காது ஓட்டை காலியாக இருந்தால் மூளிக்காது என்று பாட்டி திட்டுவார் என்ற பயம் எனக்கும் இருந்தது. அகலமான கம்மல் ஓட்டையை மூடிவிடும், யாருக்கும் தெரியாது. கடையிலேயே பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு நில்லுங்கள். அதற்குள் சோணை வலித்தால் கல்யாண வீட்டில் நாலு மணி நேரம் தாங்காது. கிளிப்பின் கீல் தளர்ந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று திறந்து மூடிப் பாருங்கள்.

என்ன பொருள் என்று கண்டுபிடிக்க வீட்டு வழிகள் உண்டு. கல் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்றால் முன்பல்லில் மெல்லத் தட்டுங்கள். கண்ணாடி 'ணங்' என்று சொல்லும், கன்னத்தில் வைத்தால் குளிரும். முத்தைப் பல்லில் உரசினால் நிஜம் நறநறவென்று இருக்கும், பொய் முத்து வழுக்கும். பழைய பிளாஸ்டிக் கம்மலைக் கட்டை விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். சூடம் வாசனை வந்தால் செல்லுலாய்ட், ஏனென்றால் அதில் சூடமே சேர்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி மருந்து மாதிரிக் காரமாக வந்தால் பேக்லைட். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள் சிலர், வேண்டவே வேண்டாம், செல்லுலாய்ட் குப்பென்று தீப்பிடிக்கும்.

இப்போது பாட்டியின் தோடு. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சந்தையில் நீங்கள் தேடுகிற காலத்தின் நகை உங்கள் பீரோவிலேயே இருக்கிறது.

அழிக்க வேண்டாம். முதலில் ஒரு நல்ல வெளிச்சத்தில் ஒரு தோட்டைக் கவிழ்த்து வையுங்கள். நடுவில் ஒரு கல், சுற்றி ஆறு. பின்பக்கம் தகடு போட்டு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? அந்தக் காலத்துக் கைவேலை என்றால் ஏழு குழியும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவாக இருக்காது, ஒன்று மயிரிழை பெரிதாக இருக்கும். தண்டின் மரையும் கையால் வெட்டியதுதான், அதனால் பல சமயம் இடது தோட்டின் திருகாணி வலது தோட்டில் ஏறாது, பாதியில் நின்றுவிடும். பலவந்தமாகத் திருகாதீர்கள், மரை தேய்ந்தால் தோடு தெருவில் விழும்.

கல் வைரமா என்று தெரியவேண்டும். பழைய வைரத்தின் வெட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும், இன்றைய கல் மாதிரிச் சுற்றளவு கச்சிதமாக வட்டமாக இராது. நம் ஊரில் நல்ல வைரத்தைப் புளூ ஜாகர் என்று பெருமையாகச் சொல்வார்களே, தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயர்தான் அப்படி மருவியது. அமெரிக்கன் டைமண்ட் என்கிறோமே அந்தக் கியூபிக் சிர்கோனியா 1976 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தது. தோட்டில் அது இருந்தால் ஒன்று தோடு அவ்வளவு பழசில்லை, அல்லது நடுவில் யாரோ கல் மாற்றியிருக்கிறார்கள். சிவப்புக் கல் என்றால் பர்மா கெம்பு என்று உடனே நம்பாதீர்கள், செயற்கைக் கெம்பு 1900-களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. லூப்பில் உள்ளே வளைந்த கோடுகள் தெரிந்தால் செயற்கை.

தங்கத்தில் ஹால்மார்க் இல்லையே என்று அம்மா கவலைப்பட்டால், அந்தக் காலத்தில் அது கிடையாது என்று சொல்லுங்கள். நம் நாட்டில் தங்கத்துக்கு பிஐஎஸ் முத்திரை வந்ததே 2000-ல். காரட் மீட்டரில் வைத்துப் பார்த்தால் உருக்காமலேயே தரம் தெரிந்துவிடும். 14 காரட் என்று வந்தால் ஆசாரி ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று விதி போட்டார்கள், சில வருடம் கழித்துத்தான் தளர்த்தினார்கள். அப்படி வந்தால் தோடு 50-களில் செய்ததா 60-களில் செய்ததா என்ற கேள்விக்கும் உங்களுக்கு ஒரு துப்பு. அழித்தால் கையில் வருவது தங்கத்தின் எடைக்குக் காசு, அதிலும் பின்னால் அரக்கு அடைத்திருந்தால் அதைக் கழிப்பார்கள், பழைய கல்லுக்குப் பெரும்பாலும் அடிமாட்டு விலைதான். அந்தக் கைவேலைக்கு யாரும் ஒரு பைசா தரப்போவதில்லை. தண்டு தேய்ந்திருந்தால் தண்டை மட்டும் மாற்றுங்கள். கல் ஆடினால் விளிம்பை அழுத்தச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பட்டறையில் எதிரே உட்கார்ந்துகொள்ளுங்கள், பழைய தண்டையும் கேட்டு வாங்கி ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு, இதில் நான் ஒரு நல்ல ஜோடியை இழந்திருக்கிறேன். ஒரு கல் விழுந்துவிட்டது என்று சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். மறுநாள் காலையில் பக்கத்துக் கல் நாலும் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தன, அந்தப் பசையின் ஆவி அப்படிச் செய்யும். இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. நகைக்கென்று விற்கும் பசையை மட்டும் வாங்குங்கள். கண்ணாடிக் கல் கம்மலைத் தண்ணீரில் முக்கவே முக்காதீர்கள், பின்பூச்சுக்குள் ஈரம் போனால் கல் கறுத்துச் செத்துவிடும். உலர்ந்த மென்துணி போதும். பச்சைக் களிம்பு தெரிந்தால் பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டிவிட்டுத் துணியால் துடையுங்கள், அந்தக் கம்மலை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடற்காற்று எதையும் விடாது. ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனி ஜிப் கவரில், மாத்திரை டப்பாவில் வருமே அந்தச் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் போட்டு மூடுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் சுற்றாதீர்கள், வெள்ளியாக இருந்தால் கறுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், கல்லையும் பொறிப்பையும் குண்டு பல்பு வெளிச்சத்தைவிடக் காலை வெளிச்சம் நன்றாகக் காட்டும். வாங்கினால், கிளிப்பின் உள்பக்கத்தை மட்டும் நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் குறி இருக்கிற மாதிரித் தெரிகிறது.