கேளுங்க சார்: இறால் பங்கு வாங்கிய வாத்தியாரின் பதில்கள்

கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஷேர் மார்க்கெட் பற்றித்தான். எழுதியவர்களும் முக்கால்வாசி முப்பது வயதுக்குள். அதனால் பி.எஃப்., பென்ஷன் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 23. சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. கைக்கு வருவது 19,000 ரூபாய். வீட்டுக்கும் செலவுக்கும் போக மாதம் 3,000 மிச்சம் பிடிக்கலாம். ஷேர் வாங்குகிறேன் என்றால், துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா, "அது சூதாட்டம்டா" என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?
*வாசகர், குடிகாடு*

தம்பி, அப்பா பேச்சை உதறிவிடாதீர்கள். பைனான்ஸ் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு போர்டு மாட்டி, ஒரு நாள் காலையில் கதவில் பூட்டு தொங்கிய காலத்தைப் பார்த்தவர்கள் அவர் வயதுக்காரர்கள். டெபாசிட் போட்டவர்களைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1997-ல் தனிச் சட்டமே வந்தது.

நானும் தப்பவில்லை. 1994-ல் எங்கே போனாலும் இறால் பேச்சுதான். ஸ்டாஃப் ரூமில் ஒரு நண்பர், இறால் பண்ணை வைக்கப் போகும் ஒரு கம்பெனியின் விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். பத்து ரூபாய்ப் பங்கு. 500 பங்குக்கு எழுதினேன். அப்போது அது என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். பிள்ளைகளுக்கு இருப்புநிலைக் குறிப்பு நடத்துகிறவன், அந்தக் கம்பெனியின் கணக்கில் ஒரு பக்கம் புரட்டவில்லை. அட்டையில் இறால் படம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் குட்டைகளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. 1996 டிசம்பரில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த நவீன இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கம்பெனிக்கு நான் போட்ட பதிவுத் தபால் "விலாசதாரர் இல்லை" என்று திரும்பி வந்தது. சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது. என் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர், "உங்க இறால் குழம்பு".

ஆகவே, நான் ஆடியது சூதாட்டம்தான். ஒரு கம்பெனி என்ன விற்கிறது, எவ்வளவு கடன் வைத்திருக்கிறது, லாபம் நிஜமாகப் பணமாக வருகிறதா என்று பார்த்து வாங்கினால், அது வியாபாரத்தில் கூட்டுச் சேர்வது. அதிலும் நஷ்டம் வரும். ஆனால் ஏன் வந்தது என்றாவது தெரியும்.

உங்கள் 3,000-க்கு வருவோம். உங்கள் செலவு மாதம் 16,000. மூன்று மாதச் செலவு 48,000. இது முதலில் வங்கியில் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்தபோது உங்களுக்கு ஒன்பது, பத்து வயது இருந்திருக்கும். எங்கள் தெருவில் பதினோரு நாள் கரண்ட் இல்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்து கிடந்தன. அந்த மாதிரி வாரத்தில் கையில் காசு இல்லாதவன், ஷேரை என்ன விலைக்கும் விற்றுவிடுவான். நஷ்டத்தில் பாதி அப்படித்தான் வருகிறது.

48,000 சேரும் வரை காத்திருக்க மனம் வராது, தெரியும். அதனால் 2,500 வங்கிக்கு, 500 நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுக்கு. ஒன்றரை வருஷம் தாண்டி இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால், நாட்டின் மிகப் பெரிய 50 கம்பெனிகளின் பங்குகளை, ஒவ்வொரு கம்பெனியின் அளவுக்கும் ஏற்ற விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் ஃபண்ட். பட்டியலை வருஷத்துக்கு இரண்டு முறை சரிபார்ப்பார்கள். தேய்ந்த கம்பெனி போகும், வளர்ந்தது உள்ளே வரும். வாங்கும்போது 'டைரக்ட்' என்று இருப்பதைப் பாருங்கள். 'ரெகுலர்' திட்டத்தில் இடைத்தரகர் கமிஷன் வருஷா வருஷம் உங்கள் பணத்திலிருந்துதான் போகும்.

தனிப் பங்கு வாங்கும் ஆசை விடாது. சரி, பான், ஆதார், வங்கிக் கணக்கு வைத்து டீமேட் கணக்கு, அதாவது பங்குகளைக் காகிதமாக இல்லாமல் கணினிப் பதிவாக வைத்திருக்கும் கணக்கு தொடங்குங்கள். புரோக்கரைப் பண்ருட்டிப் பலாப்பழ மண்டிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதும் விற்பதும் அவர் வழியாக. ஆனால் நீங்கள் வாங்கிய பழம் அவர் கொல்லையில் இருக்காது. என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். என்ற கிடங்கில், உங்கள் பெயரில் இருக்கும். அங்கிருந்து வரும் எஸ்.எம்.எஸ்., மாதக் கணக்கு அறிக்கை இரண்டையும் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு செபி. புரோக்கரின் செபி பதிவு எண்ணைச் செபி இணையதளத்திலேயே சரிபாருங்கள். 'அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு' என்று கேட்டால், 4 லட்ச ரூபாய் மதிப்பு வரை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. நாமினி பெயரைக் கையோடு போட்டுவிடுங்கள்.

பிறகு ஒரே ஒரு கம்பெனியில் ஒன்றோ இரண்டோ பங்கு வாங்குங்கள். ஒரு 40 பக்க நோட்டு போட்டு, ஏன் வாங்கினேன் என்று மூன்று வரி எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் வாங்காதீர்கள். அதற்காக அடிக்கடி வாங்கி விற்கவும் வேண்டாம். ஒரு பங்கை விற்றாலும் டீமேட் கட்டணம் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். 300 ரூபாய்ப் பங்கில் கிடைத்த லாபம் அதிலேயே போய்விடும்.

கல்லூரியில் படிக்கிறேன். ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்து, அவர்கள் கொடுத்த ஆப்பில் 40,000 ரூபாய் போட்டேன். இப்போது 1,60,000 என்று காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் 30 சதவீதம் வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
*வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

கட்டக் கூடாது. இதைப் படித்து முடிப்பதற்குள் 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் குற்றப் புகார் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை வழியில் மடக்க அவ்வளவு வாய்ப்பு. பங்கு லாபத்துக்கான வரியை நாம் வருமான வரித் துறைக்குத்தான் கட்டுவோம், ஆப்காரனுக்கு இல்லை. அந்த 1,60,000 யாரோ திரையில் தட்டிய எண். நீங்கள் பணம் அனுப்பியது ஏதோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்காகத்தான் இருக்கும், பாருங்கள்.

வீட்டில் சொல்ல பயமாக இருக்கும். சொல்லிவிடுங்கள். என் இறால் கதையை மனைவியிடம் இரண்டு வருஷம் மறைத்தவன் நான். கடைசியில் அந்தத் திரும்பி வந்த தபாலை வாங்கியதே அவள்தான்.

நண்பன் ஆப்ஷனில் ஒரே நாளில் 8,000 எடுத்தான். எனக்கும் சொல்லித் தருகிறேன் என்கிறான்.
*வாசகர், நெல்லிக்குப்பம்*

ஆப்ஷன் என்பது, பங்கையே வாங்காமல் அதன் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவது. அவன் எடுத்த நாளை மட்டும் சொன்னான். விட்ட நாளைக் கேளுங்கள். செபியே கணக்கெடுத்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது: 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பக்கம் போன தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். நஷ்டம் ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம். அந்த ஏழு பேரில் உங்கள் நண்பர் ஒருவர் என்றால், அவருக்குச் சொல்லித்தர நேரம் இருக்காது.

வயது 26, செவிலியர். போன மாதம் அப்பா தவறிவிட்டார். அவர் டிரங்குப் பெட்டியில் 1986-ம் வருஷத்துச் சான்றிதழ் ஒன்று, ஒரு கம்பெனியின் 50 பங்கு. இது காசு பெறுமா, வெறும் காகிதமா? எனக்கு ஷேர் பற்றி ஒன்றும் தெரியாது.
*வாசகி, அரியாங்குப்பம்*

அப்பாவுக்கு என் அஞ்சலி. காகிதத்தைக் கிழித்துவிடாமல் கேட்டீர்களே, அதுவே பெரிய காரியம். முதலில் அந்தக் கம்பெனி இன்று இருக்கிறதா, பெயர் மாறியிருக்கிறதா, வேறொன்றோடு சேர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், நடுவில் போனஸாக இலவசப் பங்கு கொடுத்திருந்தாலோ பங்கைப் பிரித்திருந்தாலோ அந்த 50 பல மடங்காகியிருக்கலாம்.

கம்பெனியின் இணையதளத்தில் 'பங்குப் பதிவாளர்' யார் என்று போட்டிருப்பார்கள். சான்றிதழில் இருக்கும் ஃபோலியோ எண்ணைச் (கம்பெனிப் பதிவேட்டில் அப்பாவின் கணக்கு எண்) சொல்லி அவர்களுக்கு எழுதுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் பான், ஆதார் கேட்பார்கள். உங்களைத் தவிர வேறு வாரிசுகளும் இருந்தால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பங்கு உங்கள் டீமேட் கணக்கில்தான் வரவாகும், அதனால் அதையும் தொடங்க வேண்டியிருக்கும். ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் (கம்பெனி தரும் லாபப் பங்கு) வாங்காமல் கிடந்தால், பங்கு 'முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியம்' என்ற அரசு நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்தும் ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவம் போட்டு மீட்கலாம். மாதக் கணக்கில் இழுக்கும். நடுவில் "பாதி எனக்கு, நான் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். வேண்டாம், உங்களாலேயே முடியும்.

கிடைத்ததும் அவசரப்பட்டு விற்காதீர்கள். அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை ஒரு முறை படியுங்கள். உங்கள் முதல் பாடப் புத்தகம் அதுதான்.

விலை இறங்கும்போது கை நடுங்குகிறது. போட்டதை நிறுத்திவிடலாமா?
*வாசகர், நெய்வேலி*

2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எல்லா ஃபண்டையும் விற்றுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். 2010 நவம்பரில் அது மறுபடி 21,000-க்கு வந்தபோது நான் வெளியே நின்று வேடிக்கை பார்த்தேன்.

2020 மார்ச்சில், ஜனவரியில் 12,400-ஐத் தொட்டிருந்த நிஃப்டி குறியீடு 7,600-க்கு விழுந்தது. அப்போதும் விற்றிருப்பேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, ஊரடங்கில் ஃபண்ட் அலுவலகமும் பூட்டியிருந்தது. நவம்பரில் பழைய உயரத்தைத் தாண்டியது. இதை என் சாமர்த்தியம் என்று எங்கும் சொல்லவில்லை. எல்லாச் சரிவும் எட்டு மாதத்தில் சரியாகும் என்றும் எண்ணாதீர்கள். ஐந்து, ஏழு வருஷத்துக்குத் தேவைப்படாத பணமா உங்களுடையது? ஆம் என்றால் நிறுத்த வேண்டாம். தங்கை கல்யாணத்துக்கு வைத்த பணம் என்றால், அது அங்கே இருந்திருக்கவே கூடாது.

லாபத்துக்கு வரி எவ்வளவு?
*வாசகி, திருப்பாதிரிப்புலியூர்*

வாங்கி ஒரு வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்தக் கணக்கு. டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேரும்.

எல்லாம் சரி சார். எந்த ஷேர் வாங்கலாம்? பெயர் மட்டும் சொல்லுங்கள்.
*ஒன்பது வாசகர்கள், பல ஊர்கள்*

செபியில் பதிவு பெற்ற ஆலோசகரைக் கேளுங்கள். நான் பதிவு பெற்றவன் இல்லை. அது போக, மேலே முதல் பதிலை இன்னொரு முறை படியுங்கள். இறால் வாங்கிய ஆளிடமா கேட்கிறீர்கள்?