கடல் பார்த்த அறைக்கு 11,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: வரும் ஜனவரியில் என் பெற்றோருக்கு நாற்பதாவது திருமண நாள். இரண்டு இரவு கன்னியாகுமரியில் நல்ல சொகுசு ஓட்டலில் தங்க வைக்க விரும்புகிறேன். விவேகானந்தர் பாறைக்கு அருகே, ஊருக்குள் இருக்கும் ஓட்டலில் ‘ஸீ வியூ’ அறை ஓர் இரவுக்கு 11,000 ரூபாய் என்கிறார்கள். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி நீச்சல் குளம், தோட்டத்துடன் இருக்கும் ரிசார்ட்டில் 8,000 ரூபாய். இரண்டுக்கும் வரி தனி. சென்னையிலிருந்து ரயிலில் வருவார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. எதை எடுப்பது?

பதில்: ஊருக்குள் இருக்கும் ஓட்டலையே எடுங்கள். ஆனால் அந்த 11,000 ரூபாய் அறைக்கு இன்றைக்கே பணம் கட்டிவிடாதீர்கள். அதன் ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதலில் கேளுங்கள். கன்னியாகுமரியில் கூடுதல் பணம் மெத்தைக்காகவோ ஏசிக்காகவோ வாங்கப்படுவதில்லை, அந்த ஜன்னலுக்காகத்தான் வாங்கப்படுகிறது. அதனால் ஜன்னலைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஊர் ஒரு முனையில் இருக்கிறது. கிழக்கே கடல், தெற்கே கடல், மேற்கே போனாலும் கடல். ‘ஸீ வியூ’ என்று போட்டால் பொய்யில்லை, ஆனால் எந்தக் கடல் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பாறையும் திருவள்ளுவர் சிலையும் முனைக்குத் தென்கிழக்கே இருக்கின்றன. படகுத்துறையும் மீனவர் குடியிருப்பும் மாதா கோவிலும் கிழக்குக் கரையோரம். சூரிய உதயத்தை அறையிலிருந்தே பார்க்க வேண்டுமானால் ஜன்னல் கிழக்கையோ தென்கிழக்கையோ பார்க்க வேண்டும். ஜனவரியில் சூரியன் நேர் கிழக்கில் எழுவதில்லை, தெற்கே நன்றாக ஒதுங்கி, பாறை இருக்கும் பக்கத்தை ஒட்டி எழும். உங்கள் பெற்றோருக்கு இது அதிர்ஷ்டம். தென்கிழக்கு அறை கிடைத்தால் உதயம், பாறை, சிலை மூன்றும் ஒரே சட்டகத்தில் கிடைக்கும். அதே அறையை ஜூன் மாதம் எடுத்தவருக்கு சூரியன் வடகிழக்கே நகர்ந்திருக்கும், பால்கனியில் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

மாலைக் காட்சி இதற்கு நேர்மாறு. ஜனவரியில் சூரியன் தென்மேற்கே கடலுக்குள் இறங்குவதைத் தெளிவாகப் பார்க்கலாம். மே, ஜூன், ஜூலை மாதங்களில் வடமேற்கே நகர்ந்து கரைப்பக்கமாக மறையும். கோடை விடுமுறையில் வந்து ‘கடலில் அஸ்தமனம் பார்க்கவில்லையே’ என்று வருத்தப்படுகிறவர்கள் ஓட்டல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. உதயமும் அஸ்தமனமும் ஒரே அறை ஜன்னலில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அது மூலை அறையா என்று கேளுங்கள். இல்லையென்றால் நம்பாதீர்கள். உதயத்துக்கு அறை, அஸ்தமனத்துக்குப் பக்கத்துக் கிராமமான கோவளத்துக்குப் போகும் சாலையில் உள்ள காட்சிமுனைக்கு ஓர் ஆட்டோ என்று வைத்துக்கொள்வதுதான் நடைமுறை.

இன்னொன்று. இணையத்தில் இருக்கும் படம் அநேகமாக மேல் மாடியின் மிக நல்ல அறையிலிருந்து எடுத்ததாக இருக்கும். இரண்டாம் மாடி அறையில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கும் விளம்பரப் பலகைக்கும் நடுவே ஒரு முழம் கடல் தெரிந்தாலும் அதுவும் ‘ஸீ வியூ’தான். ஓட்டலின் வரவேற்பறைக்கு நேரடியாகப் பேசி, எந்த மாடி, எதிரே கட்டடம் இருக்கிறதா, பாறை தெரியுமா என்று கேளுங்கள். உங்களுக்குத் தரப்போகும் வகை அறையின் ஜன்னலில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கும் ஓட்டலுக்கு 11,000 கொடுக்க நான் தயங்குவேன்.

பல ஓட்டல்கள் விடியற்காலையில் தங்கியிருப்பவர்களுக்காக மொட்டை மாடியைத் திறந்துவிடுகின்றன. அப்படியானால் ஊர்ப்பக்கம் பார்த்த விலை குறைந்த அறையே போதும் என்று இளைஞர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். உங்கள் அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன். லிஃப்ட் பெரும்பாலும் கடைசி மாடியோடு நின்றுவிடும், மொட்டை மாடிக்கு அதற்குமேல் ஒரு தொகுதிப் படி இருக்கும். மூட்டுவலிக்காரருக்கு அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து உதயம் பார்ப்பது செலவழிக்கத் தக்க சொகுசு.

மூட்டுவலி என்றதும் எல்லாரும் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்பார்கள், குளியலறையை மறந்துவிடுவார்கள். உயர்ந்த ரக அறைகளில் பாத்டப் வைத்திருப்பார்கள். அதன் விளிம்பைத் தாண்டிக் கால் வைத்து இறங்கித்தான் குளிக்க வேண்டும் என்றால், வயதானவருக்கு அந்த உயர்ந்த ரகமே ஆபத்து. தனியாக ஷவர் பகுதி இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்று கேளுங்கள். தரைதளத்தில் பத்துப் படி ஏறித்தான் லிஃப்டைப் பிடிக்க வேண்டும் என்ற அமைப்பு பழைய கட்டடங்களில் உண்டு.

பாறைக்குப் போவதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் வழக்கமாகக் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை ஓடுகின்றன. சீசனில் வரிசை நீளமாக இருக்கும். சிறப்புக் கட்டண டிக்கெட் எடுத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். அறையில் சில ஆயிரம் கூடுதலாகச் செலவழித்துவிட்டு இந்தச் சில நூறு ரூபாயில் மிச்சம் பிடித்து அம்மாவை வெயிலில் நிற்க வைக்காதீர்கள். முன்பெல்லாம் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைப் பாறைக்கு மட்டும் படகு போகாது, அங்கே அடியில் பாறைகள் அதிகம். 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடி இழைப் பாலம் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டது. விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே வள்ளுவரிடம் போகலாம். கண்ணாடித் தரை பயமாக இருந்தால் ஓரத்தில் சாதாரணத் தரையும் உண்டு. பாறையில் மண்டபத்துக்கு ஏறும் படிகளும், சிலையின் 38 அடிப் பீடத்துக்குள் ஏறும் படிகளும் அம்மாவுக்கு வேண்டாம். கீழே காற்றாட உட்கார்ந்திருக்கட்டும், அப்பா மட்டும் ஏறி வரட்டும். காற்று அதிகமானாலோ கடல் சீறினாலோ படகை நிறுத்திவிடுவார்கள். அதற்காக ஓட்டல் பணத்தைத் திருப்பித் தராது. எனவே படகைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

ரயில் விஷயத்தில் பலர் ஓர் இரவின் வாடகையை வீணாக்குகிறார்கள். எழும்பூரில் மாலையில் ஏறும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கொண்டுவந்து இறக்கிவிடும். பெரிய ஓட்டல்கள் அறையைக் கொடுப்பது பெரும்பாலும் மதியம் 12 மணிக்கோ 2 மணிக்கோதான். இரவெல்லாம் பயணம் செய்த பெரியவர்கள் ஏழெட்டு மணி நேரம் வரவேற்பறைச் சோபாவில் பெட்டியோடு உட்கார்ந்திருக்க நேரிடும். சிறு விடுதிகள் சிலவற்றில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு. சொகுசு ஓட்டல்களில் இந்த வழக்கம் அரிது. ஆகவே சென்னை எழும்பூரிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு மதியத்துக்குப் பிறகு நாகர்கோவில் வந்து சேரும் வந்தே பாரத் உங்களுக்குப் பொருத்தம். தினமும் ஓடாது, நாளைப் பார்த்து எடுங்கள். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர், டாக்ஸியில் வந்து இறங்கும்போது அறை தயாராக இருக்கும். இரண்டு இரவில் இரண்டு உதயமும் இரண்டு அஸ்தமனமும் கிடைத்துவிடும். இரவு ரயில்தான் வேண்டும் என்றால், காலையிலேயே அறை தருவதாக ஓட்டலிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். “பார்த்துக்கொள்ளலாம் சார்” என்ற பதில் ஜனவரியில் செல்லாது.

இனி பணம். 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். உங்கள் 11,000 ரூபாய் அறை உண்மையில் 12,980. ரிசார்ட்டின் 8,000 ரூபாய் 9,440 ஆகிவிடும். அதையே பேசி 7,500-க்கு இறக்கினால் வரியோடு 7,875 தான். அவர்கள் 500 குறைத்தால் உங்களுக்கு 1,565 மிச்சம். ஊர் ஓட்டலிலும் இந்த எல்லைக்குள் தென்கிழக்கு அறை ஏதாவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். வார நாளாக இருந்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு. முந்தைய நிதியாண்டில் ஓர் அறையாவது 7,500-க்கு மேல் போயிருந்தால் அந்த ஓட்டலின் உணவகத்திலும் 18 சதவீத வரி விழும், வெளியே உணவகங்களில் 5 தான். சேவைக் கட்டணம் என்று பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 நெறிமுறையை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்திருக்கிறது.

நட்சத்திரக் கணக்கில் மயங்க வேண்டாம். அதிகாரபூர்வ நட்சத்திரம் மத்திய சுற்றுலா அமைச்சகம் ஆய்வு செய்து தருவது, அதுவும் ஓட்டல் விண்ணப்பித்தால்தான். முன்பதிவுச் செயலிகளில் மின்னும் நட்சத்திரங்கள் வேறு.

ரிசார்ட் எனக்குப் பிடிக்காத ஒன்றல்ல. நாள் முழுக்கக் குளத்திலும் தோட்டத்திலும் கழிக்க விரும்பும் குழந்தைக் குடும்பத்துக்கு அதுதான் சரி. இரவு அமைதியாகவும் இருக்கும். ஊருக்குள் விடியற்காலை நாலரை மணிக்கே உதயம் பார்க்க வரும் கூட்டமும் பஸ் ஹாரனும் கோவில் ஒலிபெருக்கியும் தொடங்கிவிடும், சொகுசு அறையின் கண்ணாடி அதை முழுவதும் தடுக்காது. ஆனால் உங்கள் பெற்றோர் காலை உதயத்துக்கு ஒரு முறை, பகவதி அம்மன் தரிசனத்துக்கு ஒரு முறை, படகுக்கு ஒரு முறை என்று காரில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ரிசார்ட்டுகள் ‘தனிக் கடற்கரை’ என்று விளம்பரம் செய்வதையும் பொருட்படுத்த வேண்டாம். அலை ஏறி இறங்கும் மணல் யாருக்கும் தனிச்சொத்து இல்லை, காவலுக்கு உயிர்காப்பாளர் இருப்பார் என்ற உறுதியும் இல்லை. இந்த மாவட்டக் கடல் அமைதியாகத் தெரியும்போதே திடீரென்று எழும், மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் உயிரிழந்தார்கள். பெரியவர்கள் கால் நனைப்பதோடு நிற்கட்டும்.

தேதியை நகர்த்த முடியுமானால் பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு வையுங்கள். கார்த்திகையிலிருந்து மகரவிளக்கு வரை சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்களால் ஊர் நிரம்பி வழியும், அறை வாடகையும் அதற்கேற்ப ஏறும். ஜனவரி கடைசி வாரத்தில் அதே அறையைப் பேசிக் குறைக்க முடியும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடப்போவதில்லை. சொகுசு ஓட்டல்களின் பஃபே மேசையில் பெரும்பாலும் பனீர் பட்டர் மசாலாவும் நூடுல்ஸும்தான் இருக்கும். முதல் நாளே சமையலறையில் சொல்லிவைத்தால் உள்ளித் தீயலோ (சின்ன வெங்காயக் குழம்பு), தேங்காய் அரைத்த மீன் குழம்போ செய்து தருவார்களா என்று கேளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படகு ஓடாத நாளாகிவிட்டால் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அனுப்பிவிடாதீர்கள். திங்கட்கிழமை விடுமுறை என்பது ஒருபுறம் இருக்க, அந்த மரப்படிகள் செங்குத்தானவை, குறுகலானவை, அம்மாவுக்கு ஆகாது. சுசீந்திரம் தாணுமாலயன் கோவில் பக்கத்திலேயே, 13 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் சமதளத்திலேயே நடந்து 18 அடி ஆஞ்சநேயரைப் பார்க்கலாம். நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பிவிடலாம்.