பாகவதர் பற்றி நீங்கள் கேட்டவை, நான் சொன்னவை

தமிழ் சினிமாவின் அந்தக் காலத்துப் பாட்டு நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கொலை வழக்கும் ஜெயிலும்தான். அதற்கும் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

கேள்வி: அவர் திருச்சிக்காரரா, மாயவரத்துக்காரரா? எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது.

இரண்டு கட்சியும் ஜெயித்தது. 1910இல் பிறந்தது மாயவரத்தில், வளர்ந்தது திருச்சியில். அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி பொற்கொல்லர். பையன் படிக்காமல் பாட்டு பாட்டு என்று அலைந்து, கடைசியில் வீட்டை விட்டே ஓடிப்போய், கடப்பையில் பாடிக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். அதற்குப் பிறகு அப்பா தடுக்கவில்லை. திருச்சியில் எஃப்.ஜி. நடேச ஐயர் என்று ஒருவர், வேலை ரயில்வேயில், உயிர் நாடகத்தில். அவர்தான் பையனை ஹரிச்சந்திரா நாடகத்தில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாக மேடை ஏற்றியவர். சங்கீதம் மதுரை பொன்னு ஐயங்காரிடம். அவர் பிடில் வித்வான், வாய்ப்பாட்டுக்காரர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: பவளக்கொடி படத்தில் ஐம்பது பாட்டாமே! எப்படி சார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

ஜனங்கள் அதைப் பார்க்கப் போகவில்லை, கேட்கப் போனார்கள். அவரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் பவளக்கொடியை மேடையில் நடித்து ஊர் ஊராகப் பிரபலமாக்கியிருந்தார்கள். நாடகத்தில் பிடித்த பாட்டு படத்தில் இல்லையென்றால்தான் கலாட்டா ஆகியிருக்கும். 1934இல் வந்தது. கே. சுப்ரமணியம் இயக்கிய முதல் படமும் அதுதான். கூரையில்லாத அரங்கில் வெயில் வெளிச்சத்தில் எடுத்தார்கள், மேகம் வந்தால் வேலை நின்றது. பின்னணிப் பாட்டு என்ற பேச்சே கிடையாது. ஆர்மோனியமும் தபலாவும் கேமராவுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்க, நடிப்பவரே அந்த இடத்திலேயே பாட வேண்டும். ஒரு ஸ்வரம் பிசகினால் மறுபடி முதலிலிருந்து.

கேள்வி: எனக்கு வயது 24. அந்தக் குரலில் என்ன விசேஷம் என்று நிஜமாகவே புரியவில்லை. கோபப்படாமல் விளக்குங்கள்.

கோபமெல்லாம் இல்லை தம்பி. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை தரை டிக்கெட்காரனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை அது. அதனால்தான் அவ்வளவு மேல் ஸ்ருதி. அவ்வளவு உயரத்தில் பாடும்போது குரல் கீச்சிடாமல், வார்த்தை மழுங்காமல், பிருகா என்கிற வேகமான ஸ்வரச் சுழிப்பு உதிர உதிர வருகிறதே, அதுதான் விஷயம். சிவகவியில் வரும் ‘சொப்பன வாழ்வில்’ கேளுங்கள், ராகம் விஜயநாகரி. அந்த ராகத்தின் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். ‘அம்பா மனங்கனிந்து’ பந்துவராளி. ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’, 1944இல் வந்த ஹரிதாஸ் பாட்டு, சாருகேசி. பாபநாசம் சிவன் எழுத, ஜி. ராமநாதன் வாத்திய இசை சேர்த்தார். இதே ஜி. ராமநாதன் 1958இல் சாரங்கதாராவில் அதே சாருகேசியில் ‘வசந்த முல்லை போலே’ போட்டார், சிவாஜிக்காக டி.எம்.எஸ். பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், பதினான்கு வருஷத்தில் தமிழ் சினிமாப் பாட்டு எங்கிருந்து எங்கே போனது என்று காதாலேயே தெரியும். இன்னொன்று, டி.எம்.எஸ். சினிமாவுக்கு வந்ததே பாகவதர் மாதிரி பாடித்தான். கிருஷ்ண விஜயத்தில் அவர் பாடிய ‘ராதே நீ என்னை விட்டுப் போகாதேடி’, சிந்தாமணியில் பாகவதர் பாடிய ‘ராதே உனக்கு கோபம் ஆகாதடி’யின் நேர் வாரிசு.

கேள்வி: பாகவதரா, பி.யு. சின்னப்பாவா?

இருவரும் ஒரே காலத்துப் போட்டி நட்சத்திரங்கள். பாட்டுக்குப் பாகவதர், நடிப்புக்குச் சின்னப்பா. சின்னப்பா கத்திச் சண்டை போடுவார், இரட்டை வேடம் போடுவார், அதோடு நன்றாகவும் பாடுவார். பாகவதர் அழகாக நிற்பார். என்னை அடிக்க வராதீர்கள், நானும் பாகவதர் கட்சிதான்.

கேள்வி: மொத்தம் 14 படம்தானா? எதையாவது விட்டுவிட்டார்களா?

விடவில்லை, அவ்வளவுதான். அதில் ஒன்பது ஜெயிலுக்கு முன்பு, ஐந்து பின்பு.

கேள்வி: லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் உண்மையில் என்ன நடந்தது? அரசாங்கம் மன்னிப்பு கொடுத்து வெளியே விட்டதாக என் தாத்தா சொல்வார்.

தாத்தா சொன்னது தவறு. மன்னிப்பு இல்லை, விடுதலை. சி.என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையைக் கிழித்து எழுதுவதுதான் அதன் பிழைப்பு. பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் பட்சிராஜா பட நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் வரை மனு கொடுத்து உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். ஆள் அடங்கவில்லை, ‘இந்துநேசன்’ பத்திரிகையில் அதே வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்திக்குத்து விழுந்தது, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் மூன்று பேரும் கைது. மனு கொடுத்த விரோதம்தான் காரணம் என்பது போலீஸ் தரப்பு. ஜூரி முறை இருந்த காலம். நாயுடு விடுதலையானார், பாகவதருக்கும் என்.எஸ்.கே.க்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டிலும் தோல்வி. அப்புறம் அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கும் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள், அங்கிருந்து வழக்கு மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு. கிட்டத்தட்ட இரண்டரை வருஷம் போனது போனதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் அவர் உள்ளே இருந்தபோதும் சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருந்து மூன்று தீபாவளியைப் பார்த்தது.

கேள்வி: அந்த ஜெயில் இல்லாவிட்டால் அவர்தான் கடைசிவரை நம்பர் ஒன், சரிதானே?

இங்கேதான் எனக்கும் பல பாகவதர் ரசிகர்களுக்கும் ஒத்துப்போகாது. ஜெயில்தான் காரணம் என்றால் அதே ஜெயிலில் அதே காலம் இருந்த என்.எஸ். கிருஷ்ணன் எப்படி எழுந்தார்? வந்ததும் பைத்தியக்காரன், 1949இல் நல்லதம்பி, 1951இல் அவரே இயக்கிய மணமகள் என்று போய்க்கொண்டே இருந்தார். என்.எஸ்.கே. காலத்தோடு பேசத் தெரிந்தவர். பாகவதர் வெளியே வந்து சொந்தமாக எடுத்தது ராஜமுக்தி. புனேவில் ஷூட்டிங், எம்.ஜி.ஆர்., வி.என். ஜானகி, பானுமதி எல்லாம் இருக்கிறார்கள், வசனத்துக்குச் சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தனையே அழைத்தார்கள். அங்கே போன இடத்தில்தான் புதுமைப்பித்தன் காசநோய் முற்றித் திரும்பினார், 1948லேயே இறந்தும் போனார். இவ்வளவு இருந்தும் அது பழைய ராஜா கதை, பழைய பாட்டுக் கச்சேரி. ஓடவில்லை.

அவர் உள்ளே இருந்தபோது வெளியே இரண்டு விஷயம் மாறிவிட்டது. ஒன்று, பின்னணிப் பாட்டு பரவிவிட்டது. பாடத் தெரிந்தவர்தான் கதாநாயகன் என்ற கட்டாயம் போயிற்று. இன்னொன்று வசனம். 1952இல் அமரகவியும் சியாமளாவும் வந்தன, அதே 1952 தீபாவளிக்குப் பராசக்தியும் வந்தது. கோர்ட் கூண்டில் நின்று மூச்சு விடாமல் பேசும் புதுப் பையனைப் பார்த்த கூட்டம், பட்டு ஜிப்பாவும் ஜரிகை அங்கவஸ்திரமும் போட்டுக் கண்ணை மூடிப் பாடும் நாயகனுக்கு எப்படித் திரும்பி வரும்? ஜெயில் அவருடைய உச்சத்தில் நடுவே பல படங்களைத் தின்றது. உதயணன் படம் கையைவிட்டு, கர்நாடக சங்கீதப் பாடகர் ஜி.என்.பி.க்குப் போனது அப்படித்தான். ஆனால் 1950க்குப் பிறகான சரிவு ஜெயில் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்பது என் கணக்கு. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கேள்வி: தங்கத் தட்டில்தான் சாப்பிடுவாராமே?

ஆச்சாரி வீட்டுப் பிள்ளை மேல் இந்தக் கதை ஒட்டாமல் வேறு யார் மேல் ஒட்டும்? அதைவிட, ‘பாகவதர் கிராப்’ என்று அவர் முடி அலங்காரத்தின் பெயரைச் சொன்னாலே சலூன்காரர் புரிந்துகொண்டு வெட்டினார் பாருங்கள், அது தங்கத் தட்டை விடப் பெரிய சொத்து.

கேள்வி: கடைசிக் காலம் ரொம்ப மோசமா?

சர்க்கரை நோய் உடம்பை உருக்கிவிட்டது. 1957இல் புதுவாழ்வு என்று ஒரு படம், இயக்கமும் அவரே, அதுவும் கைகொடுக்கவில்லை. 1959 நவம்பர் 1ஆம் தேதி சென்னை அரசு பொது மருத்துவமனையில் இறந்தார், ஐம்பது வயது நிறையவில்லை. திருச்சியில் அடக்கம். சிவகாமி அவர் போன பிறகு 1960இல் வெளியானது. அனுதாபத்துக்காக மட்டும் அதைப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: நான் இதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை அண்ணா. எதில் ஆரம்பிப்பது? ஹரிதாஸா?

எல்லோரும் ஹரிதாஸ் என்பார்கள், நான் அசோக்குமார் என்பேன். 1941இல் வந்தது, கண்ணாம்பாவின் நடிப்பு இருக்கிறது, நாகையா இருக்கிறார், சின்ன வேடத்தில் இளைத்த எம்.ஜி.ஆர். வருவார். ‘பூமியில் மானிட ஜென்மம்’ பாட்டு அதில்தான். அது பிடித்தால் சிவகவி, அப்புறம் ஹரிதாஸ். ஹரிதாஸில் டி.ஆர். ராஜகுமாரி வரும் முன்பாதியை ரசித்துப் பாருங்கள், பின்பாதி பக்தியில் கொஞ்சம் நீளும், என்றாலும் ‘கிருஷ்ணா முகுந்தா முராரே’ வரும் வரை எழுந்து போய்விடாதீர்கள். முடிந்தால் ஹெட்ஃபோன் வேண்டாம், அந்தக் காலத்து ஒலிப்பதிவின் இரைச்சல் காதுக்குள்ளேயே கேட்கும். ஸ்பீக்கரில் போட்டு நாலடி தள்ளி உட்காருங்கள்.