முதல் தேர்வும் புகுந்த வீடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டல்லாஸ் பக்கம் வந்து ஆறு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகனோடு உட்கார்ந்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கப் பழகிவிட்டேன். விதிகள் பாதிதான் புரிகின்றன. ஆனால் ஒரு சந்தேகம் விடவே மாட்டேன் என்கிறது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் பையனைக் கல்லூரியிலிருந்து எடுக்கும் முன் உயரம், எடை, உள்ளங்கை அகலம் வரை அளக்கிறார்கள். அவன் ஆடிய ஆட்டங்களின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். அத்தனையும் பார்த்து முதல் இடங்களில் எடுத்த பையன்களில் பலர் மூன்று நான்கு வருடத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவரான ரயன் லீஃப் கதையை மகன் சொன்னான். சின்ன வயதில் பணமும் புகழும் வந்தால் தலைக்கனம் வரத்தானே செய்யும், அதுதான் காரணம் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் கொஞ்ச காலம் ஹூஸ்டனில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

நான் உங்கள் மகன் கட்சி. எப்படி அந்தக் கட்சியில் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2002இல் நான் ஹூஸ்டனில் இருந்தேன். அந்த வருடம்தான் டெக்சன்ஸ் என்று ஒரு புது அணி அந்த ஊருக்கு வந்தது. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கல்லூரியிலிருந்து டேவிட் கார் என்ற பையனை நாட்டிலேயே முதல் ஆளாக எடுத்திருந்தார்கள். முதல் ஆட்டத்தில் உங்கள் ஊர் கௌபாய்ஸை 19-10 என்று அடித்தும்விட்டார்கள். ஊரே கொண்டாடியது. என் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர். கராஜில் டிவி வைத்திருப்பார். வண்டி வெளியே நிற்கும். மடக்கு நாற்காலி ஒன்றை எனக்குப் போட்டுவிட்டு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பார். குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் எதிரணி அவரைத் தரையில் தள்ளினால் அதற்கு சாக் என்று பெயர். சாக்கு மூட்டையைச் சாய்ப்பதுபோல் என்று நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். டேவிட் கார் ஒவ்வொரு முறை விழும்போதும் கிழவர் எழுந்துபோய்க் கராஜ் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. பால்காரர் கணக்கு மாதிரி. வருடக் கடைசியில் பதினைந்து கட்டும் தனியாக ஒரு கோடும் இருந்தன. 76. ஒரே பருவத்தில் இத்தனை முறை வேறு யாரும் விழுந்ததில்லை.

"பையன் மோசமா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் டிவிக்குப் பக்கத்தில் போய், கார் முன்னால் நின்ற ஐந்து பேரை விரலால் தொட்டுக் காட்டினார். பதில் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஐந்து பேர்தான் மதில். அவர்களில் இடது ஓரத்தில் நிற்பவர் முக்கியம். வலது கைக்காரர் எறியத் திரும்பும்போது முதுகு அந்தப் பக்கம்தான் இருக்கும். அந்த இடத்துக்கென்றே டெக்சன்ஸ் டோனி போஸெல்லி என்ற பெரிய ஆட்டக்காரரை எடுத்தது. அவருக்குத் தோளில் காயம். அது ஆறவே இல்லை. அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமலே ஓய்வு பெற்றார். மீதி இடங்களில் பலர் மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்கள். இவர்களுக்குப் பின்னால்தான் 23 வயதுப் பையன் நின்றான்.

பந்து கைக்கு வந்ததிலிருந்து எறிவதற்கு இரண்டரை, மிஞ்சிப்போனால் மூன்று வினாடி. அதற்குள் எதிரணி காட்டிய அணிவகுப்பு நிஜமா வேஷமா என்று பார்க்க வேண்டும். பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களில் முதல் ஆளுக்கு வழி இல்லையென்றால் இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள். ஓடிக்கொண்டிருப்பவன் போய்ச் சேரப்போகிற இடத்துக்கு, அவன் திரும்பிப் பார்க்கும் முன்பே பந்தை விட்டிருக்க வேண்டும். இது முழுக்கத் தூரத்துப் பார்வை. பத்துத் தடவை முதுகில் அடி வாங்கியவனுக்குப் பார்வை தூரத்தில் நிற்காது. கிட்டே வருகிற காலடிகளுக்கு இறங்கிவிடும். அப்புறம் மதில் நன்றாக இருக்கும் நாளிலும் அவனுக்கு அடிதான் தெரியும். 2019இல் நியூயார்க் ஜெட்ஸின் சாம் டார்னால்ட், ஆட்டத்தின் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தபடி, தன் கண்ணுக்குப் பேய்கள் தெரிவதாகச் சொன்னது மைக்கில் விழுந்து நாடு முழுக்கக் கேட்டது. சிரித்தார்கள். 2018இல் மூன்றாம் ஆளாக எடுக்கப்பட்டவர், அவ்வளவுதான் ஆள் முடிந்தது என்றார்கள். அதே ஆள் 2024இல் மினசோட்டா போய் 17 ஆட்டத்தில் 14 ஜெயித்தார். கை அதே கைதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசை போட்டு எடுக்கும் டிராஃப்டின் விதியை யோசித்துப் பாருங்கள். போன வருடம் யார் கடைசியோ அவர்களுக்கே முதல் தேர்வு. சமநிலைக்காக வைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் பையன் பக்கம் நின்று பார்த்தால், நாட்டிலேயே சிறந்த பெண்ணை நாட்டிலேயே நொடித்துப்போன குடும்பத்துக்குத்தான் கட்டிக் கொடுப்போம் என்று சட்டம் போட்ட மாதிரி. மதில் இல்லாததால்தானே அந்த அணி கடைசியில் இருக்கிறது? இதை உள்ளே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆர்ச்சி மானிங் 1971இல் இரண்டாம் ஆளாக நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போய், வாழ்நாளில் ஒரு பருவத்தில்கூடத் தோல்வியைவிட அதிக வெற்றி பார்க்காமல் அடிபட்டே ஓய்ந்தவர். 2004இல் அவர் மகன் ஈலை மானிங்கை சான் டியேகோ முதல் ஆளாக எடுக்க இருந்தபோது, ஈலை அங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். லீஃபை எடுத்த அதே சான் டியேகோ! எடுத்த கையோடு நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இரண்டு முறை சூப்பர் பௌல் என்ற சாம்பியன் பட்டம் வாங்கினார். ஜான் எல்வேயும் 1983இல் தன்னை எடுத்த அணிக்குப் போகமாட்டேன் என்று இதையேதான் செய்தார். எல்லாப் பையனுக்கும் அப்படி ஒரு அப்பா இருப்பதில்லை, முரண்டு பிடிக்கத் தெம்பும் இருப்பதில்லை. ஈலைக்குப் பதிலாக சான் டியேகோ போன ஃபிலிப் ரிவர்ஸ் நன்றாகவே ஆடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு வருடம் அவரை வெளியே உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த உட்கார வைத்தல் பெரிய விஷயம். தோற்கிற அணியின் கோச்சுக்கு அவகாசம் கிடையாது. இந்த வருடம் ஜெயிக்காவிட்டால் தன் வேலை போகும். பையனை உடனே இறக்குவார். ஜெயிக்காது. வேலை போகும். புதியவர் புதிய ஆட்டத் திட்டப் புத்தகத்தோடு வருவார். போன வருடம் ஒரு பெயரில் மனப்பாடம் செய்த அதே ஓட்டத்துக்கு இந்த வருடம் வேறு பெயர். 2005இல் சான் ஃபிரான்சிஸ்கோ முதல் ஆளாக எடுத்த அலெக்ஸ் ஸ்மித்துக்கு முதல் நான்கு வருடத்தில் நான்கு பேர் வந்து பாடம் எடுத்தார்கள். உதவாக்கரை என்று பெயர் வாங்கினார். 2011இல் ஜிம் ஹார்பா வந்து ஒழுங்காக ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்ததும் 16இல் 13 ஜெயித்தார்கள். அதே 2005இல் 24ஆவது ஆளாகப் போனவர் ஆரன் ராட்ஜர்ஸ். அன்றைக்கு அவமானமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கிரீன் பேயில் பிரெட் ஃபாவ்ர் ஆடிக்கொண்டிருந்ததால் மூன்று வருடம் அடி வாங்காமல் வேடிக்கை பார்க்கக் கொடுத்துவைத்தது.

சரி, லீஃப். 1998இல் ஆர்ச்சியின் இன்னொரு மகன் பெய்ட்டன் மானிங் முதல் ஆள், இவர் இரண்டாவது. கான்சஸ் சிட்டியில் ஒரு ஆட்டத்தில் 15 எறிந்து ஒன்றுதான் தன் அணி ஆள் கையில் விழுந்தது, அதுவும் நான்கு யார்டு. பிறகு நிருபரிடம் கத்தினார், அணியோடு ஒட்டவில்லை. அந்தப் பருவத்தில் அவர் எறிந்ததில் 2 டச் டவுன் (எல்லைக் கோட்டைத் தாண்டிய பந்து), 15 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பந்து). தலைக்கனம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே பருவத்தில் மானிங் எறிந்த இன்டர்செப்ஷன் 28! அவர் அணி 16இல் மூன்றுதான் ஜெயித்தது. அவரை யாரும் வெளியே எடுக்கவில்லை, தப்புச் செய்தே கற்றுக்கொள்ள விட்டார்கள். லீஃபின் கோச்சுக்கு அந்த வருடப் பாதியிலேயே வேலை போயிற்று. மானிங்கை சான் டியேகோவில் விட்டிருந்தால்? அவர் தப்பித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், ஆட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

உங்கள் பக்கத்துக்கு ஒரு சாட்சி வேண்டுமானால் லீஃபைவிட ஜமார்கஸ் ரஸ்ஸல் பொருத்தம். 2007இல் ஓக்லண்ட் எடுத்த முதல் ஆள். மண்டியிட்டபடியே 60 யார்டு எறிவார் என்று வாய் பிளந்தார்கள். சம்பளத் தகராறில் செப்டம்பர் வரை பயிற்சிக்கே வரவில்லை. மூன்று பருவத்தில் வெளியே. அவர்மேல் எனக்கும் இரக்கம் குறைவு. ஆனால் மண்டியிட்டு எறிவதைப் பார்த்து மயங்கியவர்கள் யார்? எதிரில் ஆள் இல்லாத மைதானத்தில் அளக்க முடிந்ததை அளந்தார்கள். மூன்று பேர் மேலே பாய்ந்து வரும்போது கண் எங்கே போகிறது என்பதை அளக்க அங்கே டேப் கிடையாது.

பெரும் புகழ் பெற்ற குவாட்டர்பேக் டாம் பிரேடியே 199ஆவது ஆள், ஆகவே தேர்வே வீண் என்று மகன் சொன்னால் அங்கே மட்டும் நீங்கள் அவனை மடக்கலாம். ஆறாவது சுற்றில் வந்து பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். மொத்தத்தில் பார்த்தால் முதல் சுற்றில் வந்தவர்களே அதிகம் தேறுகிறார்கள்.

டேவிட் காருக்கு டெரெக் என்று ஒரு தம்பி. அண்ணன் டெக்சன்ஸில் ஆடிய வருடங்களில் அந்தப் பையன் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சுகர்லேண்டில் பள்ளிக்கூடம் படித்தான். அண்ணன் விழுவதைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவன். அதே ஃப்ரெஸ்னோ ஸ்டேட் போய், 2014இல் 36ஆவது ஆளாக ஓக்லண்டுக்கு வந்தான். ஒரு பத்து வருடத்துக்கு மேல் ஆடினான், சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பௌலுக்கு நான்கு முறை தேர்வானான். பந்தைச் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறான், இன்னும் கொஞ்சம் நின்று பார்க்கலாமே என்று ரசிகர்கள் அவனைத் திட்டுவார்கள். எனக்கு அப்போதெல்லாம் கிழவரின் கராஜ் சுவர்தான் ஞாபகம் வரும்.

உங்கள் மகன் இப்போது யார் ஜெர்சி போட்டுக்கொண்டு உட்காருகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. யாராக இருந்தாலும், அந்த அணியில் இடது ஓரத்தில் நிற்பவர் பெயர் என்ன என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். தெரிந்திருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.