அப்பாவின் கடன்கள்: யாருக்கு முதலில் கொடுப்பது?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"அப்பா இரண்டு மாதங்களுக்கு முன்பு மாரடைப்பில் இறந்துவிட்டார். அவர் 1998-ல் சொந்தமாக வாங்கிய மூன்று ஏக்கர் நஞ்சையும் நாங்கள் குடியிருக்கும் வீடும் இருக்கின்றன. நிலப் பத்திரத்தை 2019-ல் ஒரு வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். பாக்கி 8 லட்சம். அதே நிலத்தை 2022-ல் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு அடமானமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது 5 லட்சம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 1,20,000. அம்மாவின் நகைகள் வேறொரு வங்கியில் இருக்கின்றன. இவை போக, புரோநோட்டுக் கடன் இரண்டு (5 லட்சம், 3 லட்சம்), உரக்கடை பாக்கி 1 லட்சம். ஐந்து லட்சம் கொடுத்தவர் தினமும் வந்து, உன் பெயரில் புது நோட்டு எழுதிக் கொடு, இல்லையென்றால் வீட்டைப் பூட்டுவேன் என்கிறார். நிலத்தை விற்று அவருக்கு முதலில் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. சட்டப்படி யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும்?"

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புது நோட்டில் நீங்களோ உங்கள் அம்மாவோ தம்பியோ கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை நாள் வாசலில் வந்து நின்றாலும் போடாதீர்கள்.

இன்றைய நிலையில் அது உங்கள் கடன் அல்ல. அது அப்பா விட்டுச் சென்ற சொத்தின் மேல் நிற்கும் கடன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52 பிரிவுகளின்படி, வாரிசின் கைக்கு வந்த சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் அவர் பொறுப்பு. உங்கள் சம்பளத்தையோ, தம்பி சம்பாதித்து வாங்கிய வண்டியையோ அப்பாவின் கடனுக்காகத் தொட முடியாது. தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மம் என்ற பழைய இந்து சட்டக் கடமையையும், 9.9.2005-க்குப் பிறகு வாங்கிய கடன்களைப் பொறுத்தவரை, இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் நீக்கிவிட்டது. ஆனால் நீங்கள் உங்கள் பெயரில் நோட்டு எழுதிக் கொடுத்த நிமிடத்தில் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 29-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: 'எனக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும்' என்று எழுதாமல் கையெழுத்திடும் வாரிசு, தன் சொந்தப் பொறுப்பில் முழுக் கடனுக்கும் கட்டுப்படுகிறார். கடன் கொடுத்தவர் பழைய நோட்டை வைத்துக்கொண்டு புது நோட்டு கேட்பதற்குக் காரணமே இதுதான்.

இனி வரிசைக்கு வருவோம். யார் முதலில் கொடுத்தார், யார் அதிகம் கொடுத்தார், யார் சத்தமாகக் கேட்கிறார் என்பதைப் பார்த்து வரிசை அமைவதில்லை. ஒவ்வொருவர் கையிலும் எந்தப் பொருளின் மீது என்ன பிடிமானம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நிலத்தின் மேல் பிடிமானம் உள்ளவர் நிலத்தில் முந்துகிறார். பயிரின் மேல் உள்ளவர் பயிரில் முந்துகிறார். எதன் மேலும் இல்லாதவர்கள், மிஞ்சியதில் சேர்ந்து பங்கு பெறுகிறார்கள்.

நிலத்தை எடுத்துக்கொள்வோம். பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குவதும் முழுமையான அடமானமே. 2019-ல் வைத்த வங்கி முதலில், 2022-ல் எழுதி வாங்கியவர் அடுத்து. ஒரே சொத்தின் மேல் பலருக்கு உரிமை எழுதிக் கொடுத்தால் முந்திய தேதி முந்தும் என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் 48-வது பிரிவு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வங்கி சொல்லும் 8 லட்சமும் 2019-ல் கொடுத்ததுதானா, அல்லது 2022 அடமானத்துக்குப் பிறகு, அது தெரிந்தே கூடுதலாகக் கொடுத்த தொகையும் அதில் கலந்திருக்கிறதா என்று கணக்கு விவரத்தை வாங்கிப் பாருங்கள். முதல் அடமானத்திலேயே உச்சவரம்பு குறிப்பிட்டு, அதற்குள் கொடுத்திருந்தால் வங்கிக்குச் சிக்கல் இல்லை. அப்படி இல்லையென்றால், பிற்பாடு கொடுத்த பணத்துக்கு இரண்டாம் அடமானக்காரருக்கு முன்னால் வங்கி நிற்க முடியாது. 1998 முதல் இன்று வரைக்குமான வில்லங்கச் சான்றிதழை எடுத்தால் இந்த வரிசை தேதியோடு தெரிந்துவிடும். இரண்டாம் அடமானம் பதிவு செய்யப்படாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதியதாக இருந்தால், அவரும் புரோநோட்டுக்காரர்களோடு சேர்ந்துவிடுவார்.

வங்கி நிலத்தை உடனே ஏலம் விட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிகளுக்கு வழி செய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. 31-வது பிரிவு அதை விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் தொகைக்கு வங்கி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் வர வேண்டும். அது உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

நிலவரி பாக்கி இருந்தால் அது இவர்கள் எல்லோருக்கும் முன்னால் நிற்கும். நிலமே அரசின் வரிக்கு ஈடு என்கிறது 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம். தொகை சிறிதாகவே இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் கட்டி ரசீது வாங்கி வையுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்தின் கடன் அது விளைவித்த பயிரின் மேல் நிற்கிறது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வந்த பணத்தில் சங்கத்துக்கு முன்னுரிமை உண்டு. அந்தப் பணத்தை எடுத்து உரக்கடைக்குக் கொடுத்துவிட்டுச் சங்கத்தைக் காக்க வைப்பது தவறு. இந்தக் கடனுக்குப் பக்கத்து வயல்காரர் யாரேனும் ஜாமீன் போட்டிருந்தால் அவரையும் நினைத்துப் பாருங்கள். அப்பா இறந்ததால் அவர் பொறுப்பு தீராது, சங்கம் அவரிடம்தான் போய் நிற்கும். 2021-ல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்தது. பழைய பாக்கி ஏதேனும் இந்தக் கணக்கில் தவறாகத் தொடர்கிறதா என்றும் சங்கச் செயலாளரிடம் கேளுங்கள்.

நகைகள் அம்மாவுடையவை என்கிறீர்கள். அப்படியானால் அவை அப்பாவின் சொத்துக் கணக்கிலேயே வரக் கூடாது. நகைக்கடன் கொடுத்த வங்கி அந்தக் கடனுக்கு நகையைப் பிடித்து வைக்கலாம். பணத்தைக் கட்டி மீட்டால் நகை அம்மாவுக்கே சேரும். மீட்ட நகையில் புரோநோட்டுக்காரருக்கு எந்த உரிமையும் கிடையாது.

பிடிமானம் இல்லாத கடன்களுக்குப் பங்கு போடுவதற்கு முன்பு சட்டம் மூன்று செலவுகளை முன்னால் வைக்கிறது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 320 முதல் 323 வரையுள்ள பிரிவுகள் இவை. முதலாவது, அவரவர் நிலைக்கேற்ற நியாயமான இறுதிச் சடங்குச் செலவும் இறப்பதற்கு முந்தைய ஒரு மாத மருத்துவச் செலவும். அடுத்தது, சொத்து நிர்வாகத்துக்கான நீதிமன்றச் செலவு. அதற்கும் அடுத்து, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்தவர்களின் கூலி பாக்கி. நாற்று நட்ட பெண்களின் கூலி ஐந்து லட்சம் கொடுத்தவருக்கு முன்னால் வருகிறது. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கருமாதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தம்பி தன் கைப்பணத்தைப் போட்டிருந்தால், பில்களை எடுத்து வைக்கட்டும். அதையும் முன்னுரிமையோடு கேட்கலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிலம் 18 லட்சத்துக்குப் போகிறது என்று வையுங்கள். வங்கிக்கு 8, இரண்டாம் அடமானத்துக்கு 5. மீதி 5 லட்சம். நெல் பணம் 1,60,000 என்றால் சங்கத்துக்கு 1,20,000 போக 40,000. ஆக மொத்தம் 5,40,000 கையில். சடங்கும் மருத்துவமும் 1,40,000, நீதிமன்றச் செலவு 20,000, கூலி பாக்கி 20,000 போக 3,60,000 மிஞ்சும். புரோநோட்டு இரண்டும் உரக்கடையும் சேர்த்துக் கடன் 9 லட்சம். ரூபாய்க்கு 40 காசு வருகிறது. ஐந்து லட்சக்காரருக்கு 2,00,000, மூன்று லட்சக்காரருக்கு 1,20,000, உரக்கடைக்கு 40,000. குடியிருக்கும் வீட்டைத் தவிர (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) வேறு சொத்து இல்லையென்றால் கணக்கு அத்தோடு தீர்ந்தது. விட்டுப்போன 60 காசுக்கு உங்கள் சொந்தப் பணத்தை யாரும் கேட்க முடியாது.

ஆனால் இந்தச் சமபங்கு தானாக நடந்துவிடாது. இறந்தவரின் சொத்தை நீதிமன்றமே கணக்கெடுத்துக் கடன்களைத் தீர்க்க வேண்டும் என்று வாரிசோ கடன் கொடுத்தவரோ ஒரு வழக்குப் போட்டால்தான் இந்த முழு வரிசையும் ஒரே இடத்தில் அமலாகும். அப்படி யாரும் போகாவிட்டால், ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்குப் போடுவார்கள். அப்போது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 73-வது பிரிவு வருகிறது: ஏலப் பணம் நீதிமன்றத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே தீர்ப்பு பெற்று, நிறைவேற்று மனுவும் போட்டவர்களுக்குள் மட்டும்தான் விகிதப் பங்கு. உரக்கடைக்காரர் நல்ல மனிதராகப் பொறுத்துக்கொண்டு காத்திருந்தால் அவருக்குச் சல்லிக்காசு கிடைக்காமல் போகலாம். கடன் சொத்தை விடப் பெரிது என்று தெரிந்தால், வாரிசுகளே முந்திக்கொண்டு அந்த வழக்கைப் போடுவது நல்லது என்பது என் கருத்து. பத்துப் பேர் பத்து நீதிமன்றத்துக்கு உங்களை இழுப்பது அதில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒவ்வொரு நோட்டையும் சோதிக்காமல் கடன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு அதன் தேதியிலிருந்து மூன்று ஆண்டுதான் காலக்கெடு. நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கெடு முடிவதற்குள் வரவு வைத்து அப்பா கையெழுத்திட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு ஓடும். 'அசலில் வரவு ரூ.1,000' என்று எழுதியிருக்கும் அந்த ஒற்றை வரியில்தான் பல வழக்குகளின் தலையெழுத்தே இருக்கிறது. எழுத்து யாருடையது, மை ஒன்றா, கையெழுத்து வங்கிப் படிவத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வருவாய் முத்திரை ஒட்டாத நோட்டை நீதிமன்றம் சாட்சியமாகவே ஏற்காது. பிறகு அபராதம் கட்டியும் அதைச் சரிசெய்ய முடியாது. நோட்டைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதிக்காதவரிடம் பேச்சுவார்த்தையே வேண்டாம்.

வட்டிக் கணக்கையும் கேளுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. வீட்டைப் பூட்டுவேன் என்பது மிரட்டல். வீட்டின் மேல் அவருக்கு அடமானம் கிடையாது. தீர்ப்பு வாங்கி வந்தாலும், சொந்தமாக உழுது அதையே முக்கியமாக நம்பி வாழும் விவசாயி குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு தடை போடுகிறது. உழவுக் கருவிகளும், பிழைப்புக்குத் தேவையான மாடுகளும் விதைநெல்லும் அதே பாதுகாப்பில் வருகின்றன. நீங்களும் தம்பியும் தொடர்ந்து நிலத்தில் பாடுபட்டால் இந்த வாதம் உங்களுக்கு வலுவாக நிற்கும். மறுபடி வந்து மிரட்டினால் தேதி, நேரம், சாட்சி குறித்து வைத்துக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கடன் தொடாத பணமும் இருக்கக்கூடும். அப்பாவின் பாஸ்புக்கை எடுத்து மே மாதப் பக்கத்தில் 436 ரூபாய் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான பிரீமியம். 2 லட்சம் ரூபாய் நாமினிக்கு வர வேண்டும். வேறு ஆயுள் காப்பீடு இருந்தாலும் கேளுங்கள். இந்தத் தொகையை அம்மாவின் தனிக் கணக்கில் வாங்குங்கள். அப்பாவின் கடன் கணக்கோடு கலக்க விடாதீர்கள். வங்கி வைப்புத்தொகையின் நாமினி விஷயம் வேறு. அங்கே நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டும்தான். பணம் சொத்துக் கணக்கில் சேரும்.

தம்பியின் யோசனையில் பாதி சரி. நிலத்தை நீங்களே விற்றால் ஏலத்தை விட நல்ல விலை கிடைக்கும். ஆனால் வாரிசுகள் அனைவரும், அதாவது அம்மா, நீங்கள், தம்பி, அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவரும், சமபங்குக்காரர்களாகக் கையெழுத்திட வேண்டும். வங்கியும் இரண்டாம் அடமானக்காரரும் பணம் வாங்கி ரத்துப் பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும். பணம் காசோலையாகவோ வங்கி வழியாகவோ மட்டும் போகட்டும். ஏனென்றால் சொத்தை விற்ற பணம் என்னவாயிற்று என்று நீதிமன்றம் கேட்கும்போது, கடனுக்குத்தான் போனது என்று காட்ட முடியாத வாரிசு, அந்தத் தொகை அளவுக்குத் தன் சொந்தப் பணத்தைக் கட்ட நேரும். வாசலில் கத்துகிறார் என்பதற்காக ஒருவருக்கே முழுத்தொகையையும் கொடுத்தால், மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

நிலம் பூர்வீகச் சொத்தாக இருப்பவர்களுக்கு இந்தப் பதிலில் ஒரு மாற்றம் உண்டு. இறந்தவரின் பங்கு மட்டும்தான் அவர் கடனுக்குப் பொறுப்பு. ஆனால் குடும்பத் தலைவராக அந்த நிலத்தின் விவசாயத்துக்கோ குடும்பத் தேவைக்கோ வாங்கிய கடன் மற்றப் பங்குகளையும் கட்டுப்படுத்தலாம்.

வழக்கறிஞர் கட்டணத்துக்குக் கையில் பணம் இல்லையென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். போகும்போது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வங்கி மற்றும் சங்கக் கணக்கு விவரம், நோட்டுகளின் இரு பக்கப் படங்கள், ஆஸ்பத்திரி பில்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வங்கிக்கும் சங்கத்துக்கும் இறப்பை எழுத்து மூலம் தெரிவித்த கடிதத்தின் நகலும் வேண்டும். இன்னும் தெரிவிக்கவில்லை என்றால் நாளையே அனுப்பிவிடுங்கள்.