பெண்கள் விடுதிப் பள்ளியில் நடக்கும் மர்ம நாவலை இளையோருக்காக எழுத நினைக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் களமாகச் சரிவருமா?

தாராளமாகச் சரிவரும். குலசேகரம் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு போர்டிங்கில் ஐந்து வருடம் இருந்தவள் நான்.

பழங்காலக் கதைதான் வேண்டும் என்றால் நாகர்கோவிலுக்குப் போங்கள். 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பித்தார், ரேந்தை, அதாவது லேஸ், பின்னவும் பழக்கினார். நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்காக அடி வாங்கிய காலம். அதை அனுமதித்துத் திருவிதாங்கூர் மன்னரின் ஆணை வர 1859 ஆனது. அந்தப் பின்னணியில் ஒரு விடுதிக் கதையை யாராவது எழுத மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஆனால் எனக்கு நேரில் தெரிந்தது தேங்காயெண்ணெய்க் கதைதான்.

ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்துக் கட்டில்காரியின் எண்ணெய்ப் பாட்டில் இரவில் குறைந்துகொண்டே வந்தது. பென்சிலால் கோடு போட்டு வைத்தாள். கோட்டுக்குக் கீழே இறங்கியது. காம்பவுண்டில் ஒரு பாலை மரம் நின்றது. பாலை மரத்தில் யட்சி என்ற பெண் பேய் குடியிருக்கும் என்பார்கள். அதனால் யட்சி என்று பேச்சு பரவி, ராத்திரி பாத்ரூமுக்கு நாலு பேராகப் போக ஆரம்பித்தோம்.

ஜனவரியில் மலையடிவாரத்தில் காலைக் குளிருக்குத் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். ஒருநாள் ஐந்து மணி பெல் அடித்ததும் அவள் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "ஏட்டி, இங்க பாரு. எண்ணெய் சரிஞ்சு உறைஞ்சிருக்கு." பாட்டில் பெட்டிமேல் நேராகத்தான் நின்றது. உள்ளே எண்ணெய் மட்டும் ஒருபக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, கூரைபோல வெள்ளையாக உறைந்திருந்தது. அப்படியென்றால் ராத்திரி முழுக்க அது வேறெங்கோ சாய்ந்து கிடந்திருக்கிறது, விடிவதற்குள் யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அடியில் நாலைந்து கதம்பல் நார் ஒட்டியிருந்தது, தேங்காய் மட்டையைத்தான் நாங்கள் கதம்பல் என்போம். போர்டிங்கில் கதம்பல் குவித்துப் போட்டிருந்தது ஓரிடத்தில்தான்: அடுக்களைக்குப் பின்னால், சமையல் பாட்டி படுக்கிற அறையில்.

அன்று ராத்திரி ஐந்து பேர் போய் எட்டிப் பார்த்தோம். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, முட்டம் பக்கத்துக் கடற்கரைக்காரி, பாட்டியின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துவிட்டு அங்கேயே பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். வீட்டில் ஆச்சியோடு படுத்துப் பழகியவள், டார்மிட்டரியில் தனியாகத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளை அறைக்குள் படுக்கவைத்தால் பாட்டிக்கு வேலை போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியும்.

உங்கள் நாவல் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பேன். எடுத்தது யார் என்பது பாதிப் புத்தகத்திலேயே தெரியட்டும். தெரிந்த பிறகு யாரிடம் சொல்வது, சொல்லாமலிருந்தால் அது பொய்யா, எண்ணெய் பறிகொடுத்தவளுக்கு என்ன பதில்? பதினான்கு வயதில் அந்தக் கேள்விகளோடு படுத்துக் கிடப்பது யட்சியைவிடப் பெரிய பயம். என் தோழி மறுநாள் முதல் பாட்டிலை மூடி இறுக்காமல் பெட்டிமேலேயே வைத்தாள். வேறெதுவும் சொல்லவில்லை.

இடத்தை எழுதும்போது மழையை மறக்காதீர்கள். ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டம் இது. துணி காயாது, கொடியெல்லாம் வராந்தாவுக்கு வந்துவிடும், யார் உடுப்பை யார் போட்டிருக்கிறார்கள் என்றே குழம்பும். மர்மக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்! அப்புறம் பேச்சு. கேரள எல்லைப் பக்கத்து விளவங்கோட்டுப் பிள்ளையின் தமிழில் மலையாளம் கலந்திருக்கும், திருநெல்வேலி எல்லைப் பக்கத்துத் தோவாளைப் பிள்ளை திருநெல்வேலிக்காரியைப்போலப் பேசுவாள். இருட்டில் ஒரு வார்த்தை காதில் விழுந்தாலே எந்தப் பக்கத்துக்காரி என்று சொல்லிவிடுவோம். இதையும் ஒரு தடயமாக வைக்கலாம்.

முழுப் பரீட்சைக்கு முன்னால் பாட்டியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஐந்து பேரைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. இப்போதும் கல்யாண வீடுகளில் சந்தித்துக்கொள்கிறோம், மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் சாப்பிட்ட கதையெல்லாம் பேசுகிறோம், இதை மட்டும் ஒருத்தியும் எடுப்பதில்லை. நான் சொல்லவில்லை. மற்ற நாலு பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் நாவலில் வார்டனிடம் போய்ச் சொன்னவளுக்கு ஒரு முகம் கொடுங்கள், அவள் ஏன் சொன்னாள் என்றும் எழுதுங்கள். நான் வாங்கிப் படிப்பேன்.